நிலைப்படிக்கு இந்தப் பக்கம்

அப்பத்தாவின் டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று பக்கம். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மயக்க மருந்து, இடுப்பில் பொருத்திய உலோகப் பந்தின் அளவு எல்லாம் விவரமாக இருந்தது. வீட்டுக்குப் போனபின் என்ன செய்வது என்பதற்குக் கடைசியில் நான்கு வரி. வாக்கர் பிடித்து நடக்கலாம். தரையில் உட்காரக் கூடாது. இந்தியன் டாய்லெட் கூடாது. தையல் பிரிக்க இரண்டு வாரம் கழித்து வரவும்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. அறுவை சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விழுந்த மூன்றாம் நாள் ஆபரேஷன், மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள், ஐந்தாம் நாள் அனுப்பிவிட்டார்கள். எழுபத்தெட்டு வயதில் தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் சீக்கிரம் எழுப்புவதுதான் வைத்தியம். படுக்கவே விட்டால் படுக்கைப்புண், நெஞ்சுச்சளி, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். ஆனால் அந்த நான்கு வரியை எழுதியவர் சோழவந்தான் பக்கத்து வீடு எதையும் மனதில் வைத்து எழுதவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. ஏறினால் ஒரு சாண் உயரத்துக்கு நிலைப்படி. உள்ளே நடுவில் குழிந்துபோன கயிற்றுக் கட்டில். கழிப்பறை கொல்லைக் கடைசியில், குத்தவைத்து உட்காருவது. மற்ற எல்லாமே தரையில்தான்: சாப்பாடு, அரிவாள்மனை, பூக்கட்டுவது, டிவி பார்ப்பது. "ஒக்காரக் கூடாதுங்குறாக. அப்ப நான் எங்கிட்டுத்தான்டா இருக்குறது?" என்றாள் அப்பத்தா. யாரிடமும் பதில் இல்லை.

இந்தக் கேள்வியை ஒரு மருத்துவத் துறையாகவே மாற்றியவர் மார்ஜரி வாரன். லண்டனை ஒட்டிய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர். 1935-ல் பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகள் 714 பேர் அவர் பொறுப்பில் வந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், தீராத நோயாளிகள் என்று கட்டிலோடு கட்டிலாக விடப்பட்டவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் புதிதாகப் பரிசோதித்தார். என்ன நோய் என்பதோடு, இவரால் என்ன முடியும், என்ன உதவி கிடைத்தால் எழுந்து நடப்பார் என்றும் பார்த்தார். பலர் எழுந்தார்கள், வீட்டுக்கும் போனார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறைக்கு அங்கேதான் அடித்தளம் விழுந்தது. பிற்பாடு, 2001-ல், இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 'இடைநிலைப் பராமரிப்பு' என்று இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே, பொதுவாக ஆறு வாரத்துக்கு மிகாமல், மதிப்பீடும் பயிற்சியும்.

நம் ஊருக்கு இது முழுக்க அந்நியமும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் உருவானது. தெற்கே ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் முதுகுத்தண்டில் அடிபட்டவர்தான். இங்கே இந்த இடைவெளியை முதலில் பார்த்தவர்கள், அதற்குள்ளேயே விழுந்து எழுந்தவர்கள்.

ஆனால் வேலூரும் ஆய்க்குடியும் முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்குத் தெரிந்த பெயர்கள். வழுக்கி விழுந்த ஒரு கிழவியை யாரும் அங்கே அனுப்புவதில்லை. அவளுக்கு வீடுதான்.

வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் அப்பத்தா ராத்திரியில் தாத்தாவைக் கூப்பிட ஆரம்பித்தாள். தாத்தா போய்ப் பதினோரு வருஷம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "வயசாயிருச்சுல்ல, புத்தி தடுமாறுது" என்று சொல்லி, வாங்கி வந்த ஆரஞ்சைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும் என்பதுதான் பலருக்குத் தெரியும். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. வந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலைத் தொடுவதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். கட்டிலை அழுத்திப் பார்த்தார். கொல்லைவரை நடந்தார். பிறகு கேட்டார்: "பாட்டி, ஒரு நாளைக்கு எத்தன டம்ளர் தண்ணி குடிக்கிறீங்க?"

அப்பத்தா வாயைத் திறக்கவில்லை. சித்திதான் சொன்னாள்: "சாயங்காலத்துக்கு மேல ஒரு வாய்கூட குடிக்க மாட்டேங்குது."

கொல்லைக்கு எழுந்து போகப் பயம். சித்தியை எழுப்பக் கூச்சம். அதனால் தண்ணீரை நிறுத்தியிருக்கிறாள். வயதான உடம்பில் தண்ணீர் குறைந்தாலே புத்தி தடுமாறும் என்று அந்தப் பெண் விளக்கினார். கமோடு நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்தது. தண்ணீரும் உள்ளே போனது. நான்கைந்து நாளில் தாத்தா மறுபடி போட்டோவுக்குப் போய்விட்டார்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் இடுப்பு குழியில் இறங்கி முழங்கால் மேலே நிற்கும். மாற்றிய மூட்டு அதிகம் மடங்கினால் நழுவிவிடலாம். அதனால் பெஞ்சுக் கட்டில் வந்தது. நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கிப் பாதி உயரத்துக்கு ஒரு படி. எல்லாம் சேர்ந்து ஆபரேஷன் செலவில் சில்லறைகூட இல்லை.

இந்த மதிப்பீட்டுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1965-ல் வெளியான பார்த்தெல் அட்டவணை: சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று பத்து விஷயம், மொத்தம் 100 மதிப்பெண். பிறகு அதைத் தேடிப் படித்தேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு அதில் மதிப்பெண் உண்டு. தரையில் உட்கார்ந்து எழுவதற்கு இல்லை. அப்பத்தா நூறுக்கு நூறே வாங்கினாலும், வாசலில் கோலம் போட முடியாது, பந்தியில் உட்கார முடியாது என்பது அந்தத் தாளில் தெரியாது. அளவுகோலைக்கூட நம் வீட்டுக்கு ஏற்ப நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் பத்துக் கட்டில், ஒரு பிசியோ, பழகிப் பார்க்க ஒரு நிலைப்படி இருந்தால் போதும், இந்த ஆறு வாரம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றியம் முழுக்கப் பொறுப்பு. பத்து நாளைக்கு ஒருதரம்தான் வர முடிந்தது. நடுவிலிருந்த நாட்கள் சித்தியுடையவை. அவள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவள். மூன்று மாதம் போகவில்லை. காலையும் மாலையும் எண்ணி எண்ணிக் காலைத் தூக்க வைத்தாள், குளிப்பாட்டினாள், கமோடைக் கழுவினாள். ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டையிலிருந்து பணம் போனது. சித்தியின் கூலிக்கு எந்த அட்டையும் இல்லை. அப்பத்தா நடந்ததை ஊரே ஆபரேஷன் செய்த டாக்டரின் கைராசி என்கிறது. அதுவும் உண்மைதான்.

அப்பத்தா இப்போது கம்பு ஊன்றித் திண்ணைவரை வருகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து, கோலத்தில் எந்தப் புள்ளி கோணல் என்று சொல்கிறாள். சித்தி மறுபடி கொடிக்காலுக்குப் போகத் தொடங்கிவிட்டாள், இடுப்புவலியோடு. போன தடவை நான் போயிருந்தபோது வாக்கரைத் துடைத்து, பழைய சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றச் சொன்னாள். "யாருக்கும் குடுத்துறாதடா" என்றாள். அவளுக்கு ஐம்பத்தி நாலு. பிள்ளைகள் இரண்டு பேரும் திருப்பூரில்.

"நான் விழுந்தா, எனக்கு எண்ணிச் சொல்ல யாருடா இருக்கா?"