பெர்மிட்டு இம்புட்டுதான்

1998. பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு அப்போதுதான் மினி பஸ் வந்திருந்தது. லீவுக்குப் போன என்னை, பிச்சிப்பூ மூட்டைக்குத் துணையாகப் பூ மார்க்கெட்டுக்குக் கிளப்பிவிட்டாள் ஆச்சி. டவுனுக்கு முன்னாலேயே வண்டி நின்றது. ''எல்லாரும் எறங்குங்க'' என்றார் கண்டக்டர்.

''மார்க்கெட்டு இன்னும் ஒரு மைலு கெடக்கே?''

''பெர்மிட்டு இம்புட்டுதான் ஆச்சி.''

''ரோடு முடியலியே தம்பி. பஸ்ஸு மட்டும் எப்படி முடிஞ்சிச்சு?''

கண்டக்டரிடம் பதில் இல்லை. காமர்ஸ் படித்த பேரனிடமும் இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பிறகு விசாரித்தேன். 1997-ல் வந்த திட்டப்படி, ஒரு மினி பஸ் மொத்தம் 20 கிலோமீட்டர் ஓடலாம். அதில், ஏற்கெனவே பெரிய பஸ் ஓடுகிற சாலையில் 4 கிலோமீட்டர்தான். இல்லாவிட்டால் பெரிய பஸ்ஸின் கலெக்‌ஷன் அடிவாங்குமே!

ஆச்சியின் கேள்வி மறுபடி எனக்கு நினைவுக்கு வந்தது, 2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் பெரியப்பா இறந்துபோனார். மூத்த மகன், எங்கள் அண்ணன், துபாயில். மதுரைக்கு அன்றைக்கு இருந்த ஒரே விமானத்தில் இடமில்லை. மத்தியானம் சென்னைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது.

சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஆபீஸிலிருந்து போன். ''பிரிட்டன் வெளியே போறதுனு ஓட்டு விழுந்திருக்கு. ஒரு பக்கம் எழுத முடியுமா சார்?'' நிலைமையைச் சொன்னேன். ''ஸாரி சார்'' என்று வைத்துவிட்டார்கள்.

மறுநாள் சனி. சனிப்பிணம் துணை தேடும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். ஐஸ் பெட்டி இருக்கிறது, காத்திருக்கலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது சின்னவன்.

அண்ணன் சென்னையில் இறங்கியபோது பொதிகை எக்ஸ்பிரஸ் போய்விட்டிருந்தது. கார் பிடித்து, ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு, காலையில் வந்தார். ''துபாய்லேர்ந்து மெட்ராஸுக்கு நாலு மணி நேரம்டா. அங்கேயிருந்து இங்கே வர பத்து மணி நேரம்'' என்றார். அப்புறம் அன்று முழுக்கப் பேசவே இல்லை.

துபாய் கம்பெனிகளிடம் விமானம் இல்லையா? ஏராளம். மதுரையில் ஓடுபாதை இல்லையா? இருக்கிறது. 2012-லேயே அங்கிருந்து கொழும்புக்கு விமானம் பறந்தது. இல்லாதது பெர்மிட்.

1944-ல் சிகாகோவில் கூடிய நாடுகள், அவரவர் ஆகாயம் அவரவருக்கே சொந்தம் என்று எழுதி வைத்தன. அதனால் எந்த நாட்டு விமானம், எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை ஸீட் என்பதை இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கின்றன. 2014-ல் துபாய்க்கு வாரம் சுமார் 65,000 ஸீட் என்று உயர்த்தினார்கள். சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் பட்டியலில் இருந்தன. மதுரை இல்லை. தென் மாவட்டத்து வியாபாரிகள் பல வருஷம் கேட்டுப் பார்த்தார்கள்.

டெல்லி சொல்கிற காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கதவைத் திறந்தால், நம் பயணிகளைத் துபாய் வழியாக லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், நம் கம்பெனிகள் படுத்துவிடும் என்பது. பெரிய பஸ் கலெக்‌ஷன் கதைதான். நியாயம் இல்லாமல் இல்லை.

இந்தக் கதவையே கழற்றி வைத்தவர்கள் ஐரோப்பியர்கள். 1997-லிருந்து (நம் மினி பஸ் வந்த அதே வருஷம்!) ஒன்றிய நாட்டுக் கம்பெனி ஒன்றியத்துக்குள் எங்கேயும் பறக்கலாம். பிரிட்டிஷ் விமானம் பாரீஸில் ஆள் ஏற்றி நீஸில் இறக்கலாம். டவுன் பஸ் மாதிரி. ஆனால் அன்றைக்குப் போட்ட ஓட்டில் அந்த பெர்மிட்டும் போனது. 2021 ஜனவரி முதல், பிரிட்டிஷ் கம்பெனி தன் நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் போய் வரலாம். பாரீஸிலிருந்து நீஸுக்கு ஆள் ஏற்ற முடியாது.

லண்டன் பக்கம் லூட்டனில் இருக்கிற ஈஸிஜெட் முந்திக்கொண்டது. 2017-லேயே வியன்னாவில் ஒரு கம்பெனி பதிவு செய்து, விமானங்களை அதன் பேருக்கு மாற்றியது. அதே ஆரஞ்சு வண்டி, புது ஆர்.சி. புக்! அதுவும் போதவில்லை. பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள் ஐரோப்பியர்களாக இருக்க வேண்டும் என்று விதி. 2021-ல் ஐரோப்பியர் அல்லாத சில பங்குதாரர்களின் ஓட்டுரிமையை நிறுத்தி வைத்தார்கள். பங்கு உங்களுடையது, ஓட்டு மட்டும் கிடையாது. பி.காமில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை.

பணக்காரக் கம்பெனி வியன்னாவில் வீடு பிடித்துத் தப்பித்துக்கொள்கிறது. சங்கரன்கோவில்காரர் எங்கே போய்ப் பதிவு செய்வார்? வாடகைக் காருக்குப் பணம் கொடுத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் கண்விழித்து வருவார்.

2025-ல் மினி பஸ் தூரத்தை 25 கிலோமீட்டர் ஆக்கினார்கள். ஆச்சி இல்லை, பார்க்க. அண்ணன் இன்னும் துபாயில்தான். லீவுக்கு வருகிறேன் என்று போன் செய்தால் பெரியம்மா முதலில் கேட்பது, ''மதுரைக்கா, மெட்ராஸுக்கா?'' அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருப்பது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் யாரும் அதைப் பேசுவதில்லை.