எட்டில் ஒரு பங்கு

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், உதகைக் குதிரைப் பந்தய மைதானத்தை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட செய்தியை நாளிதழில் படித்தோம். குத்தகைக் காலம் 1978-இலேயே முடிந்துவிட்டதாகவும், செலுத்த வேண்டிய பாக்கி 822 கோடி ரூபாய் என்றும் செய்தி கூறியது. பலரும் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். எங்களால் இயலவில்லை. அந்த மைதானத்தில் ஓடிய ஒரு குதிரையில் ஒரு காலத்தில் எங்களுக்கும் பங்கு இருந்தது. ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு.

நாங்கள் நால்வர். கோவையில் ஒரே ஆலையின் கணக்குப் பிரிவில் பணியாற்றியவர்கள். மூவர் பெரிய கடை வீதிப் பேராலயத்துப் பங்கினர். நான்காமவர் காங்கேயத்து வேளாண் குடும்பத்தவர். தமிழக அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நெடுங்காலம் நீண்டது. 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்த விளையாட்டே, சூதாட்டம் அன்று எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் தடை நீங்கியதும் எங்கள் மனத்தின் தடையும் நீங்கிற்று. மறு ஆண்டே, நீலகிரித் தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் வாங்கிய இரண்டு வயதுப் பெண் குதிரையில் பாதிப் பங்கை நால்வரும் சேர்ந்து ஏற்றோம்.

மனச்சான்று சற்றே உறுத்தியது உண்மை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்துப் பார்த்தோம். வாய்ப்பு விளையாட்டும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல. தனக்கும் பிறர்க்கும் தேவையானதை ஒருவன் இழக்க நேரும்போதுதான் அவை ஒழுக்கத்திற்கு ஒவ்வாதவை ஆகின்றன என்னும் பொருள்பட 2413-ஆம் எண் கூறுகிறது. போதும் என்று நூலை மூடிவிட்டோம். விவரம் அறிந்த பங்குத்தந்தை சிரித்தபடி, "நம் ஊரில் பங்கு என்றால் இரண்டு பொருள் உண்டு. நீங்கள் எந்தப் பங்கில் சேர்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நாங்களும் சிரித்துவிட்டு நகர்ந்தோம்.

அதன்பின் ஆலை விட்டதும் பேக்கரியில் தேநீர் அருந்தியபடி நாங்கள் பேசியதெல்லாம் வம்சாவளிதான். உலகின் உயர் இனப் பந்தயக் குதிரைகள் அனைத்தும் தந்தை வழியில் பையர்லி டர்க், டார்லி அரேபியன், காடல்ஃபின் அரேபியன் என்னும் மூன்று பொலிகுதிரைகளைச் சென்றடையும் என்பதை வியப்போடு கற்றோம். 1791-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சான வம்சப் பதிவேடு இன்றளவும் தொடர்கிறது. இவ்வினத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமில்லை. பெட்டைக் குதிரை ஏறத்தாழ பதினொரு மாதம் கருவைச் சுமக்கும். குட்டி எந்த நாளில் பிறந்தாலும், பந்தயக் கணக்கில் ஜனவரி முதல் நாளே அதன் பிறந்தநாள். புனேயில் 1946-இல் தொடங்கிய பூனாவாலா பண்ணையின் பெயர் எங்கள் பேச்சில் நாள்தோறும் அடிபட்டது. தாயின் தாய் எந்தப் பந்தயத்தில் வென்றாள் என்பதை, எங்கள் சொந்தப் பாட்டிமார் வரலாற்றைக் காட்டிலும் தெளிவாக அறிந்திருந்தோம்.

பதிவேட்டில் அவளுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்களுக்குள் அவள் ராசாத்தி. நெற்றியில் அரிசி மணி அளவில் ஒரு வெள்ளை. நாங்கள் லாயத்திற்குச் சென்றால் மடித்த கையை மூக்கால் தள்ளித் திறந்து, உள்ளிருக்கும் வெல்லத்தை எடுத்துக்கொள்வாள்.

1998 மே மாதத்தில் உதகையில் அவள் ஓடினாள். விடியற்காலையிலேயே மேட்டுப்பாளையம் கடந்து, கல்லாற்று வளைவுகளில் ஏறினோம். மைதானத்தில் பனி விலகி வெயில் எழுந்திருந்தது. கடைசித் திருப்பத்தில் ஐந்தாவதாக வந்தவள், நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகக் கடந்து முதலாவதாக வந்தாள். நாங்கள் நடுத்தர வயதை மறந்து கூத்தாடினோம். பரிசுத் தொகையில் பயிற்சியாளர்க்கும் ஜாக்கிக்கும் உரியது போக எஞ்சியதில், எட்டில் ஒன்று ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. அதைவிடப் பெரிதாக வந்தது பெருமை. பெருமையை எவரும் எட்டாகப் பிரித்துக்கொள்ளவில்லை. முழுவதையும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டோம்.

அவ்வாண்டு இறுதியில், சென்னையில் பயிற்சி ஓட்டத்தின்போது அவள் முன்னங்கால் தசைநாண் கிழிந்தது. ஓய்வு கொடுத்தால் நடப்பாள். இனி ஓடமாட்டாள் என்றார் மருத்துவர். இனப்பெருக்கப் பண்ணைக்கு அனுப்பலாம் எனில், ஒரே ஒரு வெற்றி பெற்றவளுக்கு அங்கு மதிப்பில்லை. தீவனம், லாயம், மருந்து என மாதந்தோறும் சீட்டு வந்துகொண்டிருந்தது. அதையும் எட்டாகவே பிரித்தோம். பெருமையைப்போல் எவரும் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் மாதம், சவாரிக்குக் குதிரை வாங்கும் ஒருவர் வந்தார். விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவர் யார் என்பது இன்று எங்களுள் எவர்க்கும் நினைவில்லை. எல்லாரும் அதை விரும்பினோம் என்பதே காரணம்.

அந்நாள்களில் ஒரு ஞாயிறு மாலை காங்கேயத்து நண்பரின் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். கட்டுத்தறியில் வயது முதிர்ந்த காங்கேயம் காளை ஒன்று சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. ஒரு காலத்தில் ரேக்ளாவில் பரிசுகளை வாங்கிக் குவித்ததாம். நண்பரின் தந்தை எழுதப் படிக்க அறியாதவர். எனினும் அதன் தாய், தாயின் தாய், அவை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தன, எந்தக் கன்றுக்கு எங்கே சுழி என ஐந்து தலைமுறையை மூச்சுவிடாமல் சொன்னார். அச்சேறாத வம்சப் பதிவேடு அவர். ராசாத்தியை விற்றதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாதிருந்தவர், "ஏன் கண்ணு, ஆளுக்கு எட்டுல ஒண்ணுன்னீங்களே, அதுக்குக் காலு ஒடஞ்சப்ப எந்த எட்டுல ஒண்ணு வலிச்சுது?" என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை.

1999 ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குச் சென்றோம். ஆடிதோறும் குதிரைகளும் மாடுகளும் பல ஊர்களிலிருந்து வந்து குவியும் சந்தை அது. வேடிக்கை பார்க்கவே போனோம். வரிசையின் ஓரத்தில், விலா எலும்பு தெரிய நின்ற ஒரு குதிரையின் நெற்றியில் அரிசி மணி அளவில் வெள்ளை இருந்தது. முன்னங்காலில் பழைய வீக்கம். எங்களுள் ஒருவர் தம்மையறியாமல் மடித்த கையை நீட்டினார். அவள் மூக்கால் தள்ளி அதைத் திறந்தாள். உள்ளே வெல்லம் இல்லை.

"வேணுமுங்களா? வெலை பேசிக்கலாமுங்க," என்றார் விற்பவர். அவர்மீது குறை சொல்ல ஏதுமில்லை. அவரும் யாரிடமோ வாங்கியவர். வைத்துக்கொள்ள இடமில்லை, வீட்டில் என்ன சொல்வார்கள், நாளைக்கு வந்து பார்ப்போம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரவெல்லாம் உறக்கமில்லை. காங்கேயத்து நண்பர் தம் தோட்டத்தில் இடம் தருவதாகச் சொன்னதும், விடிந்தவுடன் பணத்தோடு ஓடினோம். அந்த இடம் வெறுமையாக இருந்தது. இரவே கைமாறிப் போய்விட்டதாம். எந்த ஊருக்கு என்று சொல்ல எவருமில்லை.

மறைக்கல்வி நூலை மீண்டும் திறந்தோம். 2413-க்கு ஐந்து எண்கள் தள்ளி, அன்று நாங்கள் புரட்டாத இடத்தில் 2418 இருந்தது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கு மாறானது என்கிறது அது. மனிதரின் துயர்நீக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகள்மீது செலவிடுவதும் தகாது என்று அடுத்தே கூறுகிறது. இரண்டாலும் குற்றவாளிகள் நாங்கள். வெற்றிக்காகத் தாராளமாகச் செலவிட்டோம். உயிருக்காகச் செலவிட வேண்டியபோது கணக்குப் பார்த்தோம்.

பின்னாளில் ஒரு செய்தியை அறிந்தோம். பூனாவாலா பண்ணையில் பந்தயத்திற்குப் பயன்படாத குதிரைகளை மும்பை ஹாஃப்கின் நிறுவனத்திற்குக் கொடுத்துவந்தார்கள். குதிரையின் குருதியிலிருந்து நோயெதிர்ப்புச் சீரம் எடுக்கப்பட்டது. அந்தத் தொடர்பிலிருந்தே 1966-இல் சீரம் நிறுவனம் பிறந்தது. 2021-இல் கொரோனாவுக்கு எதிராக எங்கள் கைகளில் ஏறிய தடுப்பூசி அங்கிருந்து வந்ததுதான். கொங்கு நாட்டு வயல்களில் நாகம் தீண்டியவரைக் காக்கும் நச்சுமுறி மருந்தும் குதிரையின் குருதியிலிருந்தே உருவாகிறது. ஓட முடியாத குதிரையிடமும் நாம் எவ்வளவோ பெற்றுக்கொண்டிருக்கிறோம். அதற்குத் திரும்பக் கொடுத்தது என்ன என்ற கேள்விக்குத்தான் கணக்குப் புத்தகத்தில் பக்கமில்லை.

இலாபத்தைப் பங்கிடலாம், செலவைப் பங்கிடலாம். பொறுப்பைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது சிறிதாகி, இறுதியில் எவர் கையிலும் இல்லாமற் போகிறது. முதியோரைக் காக்கும் பிள்ளைகள் நால்வர் இருக்கும் வீட்டிலும், ஆயிரம் குடும்பங்கள் உள்ள பங்கிலும் இதுவே நேர்வதைக் கண்டிருக்கிறோம். ஆளுக்குச் சிறிது என்று பிரித்த கடமை, எவருக்கும் உரியதன்று என்றாகிவிடுகிறது.

காங்கேயத்துப் பெரியவரும் அவர் காளையும் இன்றில்லை. பங்குத்தந்தையும் வேறு ஊருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் ஞாயிறு திருப்பலி முடிவில் பங்கு அறிவிப்புகள் வாசிக்கப்படும்போது, அந்தச் சொல் காதில் விழுந்தவுடன், அந்தியூர்ச் சந்தையில் வெறுங்கையை முகர்ந்த அந்த மூக்கின் வெப்பம் எங்கள் உள்ளங்கையில் இன்னும் படுகிறது.