ஜமேக்காக் கரையில் ஒரு வாரம்

மேற்கிந்திய தீவுகள் என்றதும் நம் இளைஞருக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வரும். மூத்தோருக்குக் கரும்புத் தோட்டங்கள் நினைவுக்கு வரும். அத்தீவுகளின் கடற்கரை நகரொன்றிலே குடும்பத்துடன் ஒரு வார விடுமுறையைக் கழிக்க எண்ணுவோர் முதலிற் பூகோளப் படத்தை விரித்துப் பார்த்தல் நன்று. கியூபாவுக்குத் தெற்கே கிடக்கும் ஜமேக்கா, பரப்பில் இலங்கையின் ஆறிலொரு பங்கே. அதன் வடமேற்குக் கரையில் அமைந்தது மொன்டேகோ பே என்னும் நகரம். 'பே' என்பது குடாவைக் குறிப்பதால் நாமும் அதனை மொன்டேகோ குடா என்றே அழைப்போம். 1494 இல் அப்பக்கம் வந்த கொலம்பஸ் அதற்கு 'நல்ல வானிலைக் குடா' என்று பெயரிட்டார். பின்வந்த ஸ்பானியர் அங்கிருந்து பன்றிக் கொழுப்பை ஏற்றுமதி செய்தமையால், கொழுப்பைக் குறிக்கும் அவர்தம் சொல்லே திரிந்து இன்றைய பெயராயிற்று என்பர். அழகிய ஊர்களுக்கெல்லாம் அழகிய பெயர்க்காரணம் இருத்தல் வேண்டுமென்ற நியதி இல்லையே!

எக்காலத்திற் செல்வது என்பதே முதற் கேள்வி. ஜூன் தொடக்கம் நவம்பர் இறுதி வரை அக்கடலிலே சூறாவளிக் காலம். கொலம்பஸ் வைத்த பெயரை நம்பி அம்மாதங்களிற் புறப்படலாகாது. 2025 ஒக்டோபர் 28 ஆம் திகதி மெலிசா என்னும் கொடிய சூறாவளி ஜமேக்காவின் தென்மேற்குக் கரையிலே ஏறித் தீவின் மேற்குப் பகுதியைச் சிதைத்தது. மொன்டேகோ குடாவின் வீதிகளிலும் வெள்ளமும் சேறும் புகுந்தன. அடுத்த மாதமே டிட்வா புயலினால் அல்லலுற்ற நமக்கு அத்துயரை விளக்கிக் கூற வேண்டியதில்லை. ஆதலால் விடுதிக்குப் பணங்கட்டுமுன் அது திறந்துள்ளதா, எந்நிலையில் உள்ளது என்பவற்றைக் கேட்டறிதல் அவசியம். அடிபட்ட ஊர் என்று ஒதுக்கிவிடுவதும் முறையன்று. உல்லாசப் பிரயாணிகளின் வருகையை நம்பியே அங்கு பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிகின்றது.

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்பிரல் வரை வானம் தெளிந்திருக்கும். வாடகையும் உச்சத்தில் இருக்கும். கொழும்பிலிருந்து நேரே செல்லும் விமானம் இல்லை. இடையில் இறங்கி மாறிச் செல்லல் வேண்டும். இங்கு நண்பகலாகும் போது அங்கு அதிகாலை ஒன்றரை மணி. முதல்நாளை உறக்கத்துக்கென்றே ஒதுக்கிவிடலாம்.

தங்குமிடத்தைத் தெரிவு செய்வதிலேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கின்றது. உணவு, பானம், விளையாட்டு யாவற்றுக்கும் ஒரே தொகையை முற்பணமாகப் பெறும் பெரிய விடுதிகள் அக்கரை நெடுகிலும் உள்ளன. குழந்தைகளோடு செல்வோருக்கு அவை சௌகரியமானவையே. ஆனால், மதிலுக்குள்ளே உண்டு உறங்கி எழுந்து வருபவர் கண்டது விடுதியையே அன்றி ஜமேக்காவை அன்று. அவர் செலவிட்ட பணமும் வெளியே சந்தையில் மாம்பழம் விற்கும் பெண்மணியின் கைக்கு வந்து சேர்வது அரிது. இன்னொன்றும் உண்டு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில், 1956 இல் ஆக்கப்பட்ட கடற்கரைச் சட்டம் அந்நாட்டுக் கரையோரத்தை முடியின் உடைமை ஆக்கிற்று; கடலிற் குளிக்கும் பொது உரிமையை மக்களுக்கு அது வழங்கவில்லை. விடுதிகள் பெருகப் பெருக வேலிகளும் பெருகின. தம் பாட்டனார் நீந்திய கரையிலே கால்வைக்கக் கட்டணம் கேட்கின்றனரே என்று ஊரார் வழக்காடி வருகின்றனர். கடலையே முற்றமாகக் கொண்டு வளர்ந்த நம்மவருக்கு இது விளங்காத செய்தியன்று. எனவே, நகருக்குள்ளே சிறிய விடுதியொன்றில் தங்கி, 2021 இல் திறக்கப்பட்ட ஹார்மனி கடற்கரைப் பூங்காவுக்கு மாலையிற் செல்வதையே நாம் விரும்புவோம். அங்கு கட்டணமில்லை, ஊர்ப்பிள்ளைகளோடு நம் பிள்ளைகளும் ஓடி விளையாடலாம். கட்டணஞ் செலுத்திக் குளிக்க விரும்புவோருக்கு 'டாக்டரின் குகை' என்னும் வெண்மணற்கரை இருக்கின்றது. மக்கற்றி என்ற வைத்தியர் 1906 இல் நீராடுவோர் சங்கமொன்றுக்கு அதனை நன்கொடையாக அளித்தார். குகையைத் தேட வேண்டாம். 1932 இல் வீசிய சூறாவளி அதனை அழித்துவிட்டது.

மாணவர் தவறாது காண வேண்டிய இடம் நகர நடுவிலுள்ள சாம் ஷார்ப் சதுக்கம். கரும்புத் தோட்டங்களில் அடிமையாய் இருந்தோர், 1831 நத்தார் விடுமுறை கழிந்ததும் கூலியின்றி வேலைக்குத் திரும்புவதில்லை என உறுதிபூண்டனர். அதற்கு வழிகாட்டியவர் அடிமையும் மத போதகருமான சாமுவேல் ஷார்ப். டிசம்பர் 27 ஆம் திகதி தோட்டமொன்றில் மூண்ட தீ மேற்குப் பகுதியெங்கும் பரவியது. கிளர்ச்சி அடக்கப்பட்டது, முந்நூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1832 மே 23 இல் அதே சதுக்கத்தில் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டிலேயே அடிமை ஒழிப்புச் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அடிமைகளை அடைத்துவைத்த 'கூண்டு' என்னும் சிறிய கட்டிடம் இன்றும் அங்கு நிற்கின்றது. வழிகாட்டிகளோ உல்லாசப் பிரயாணிகளை ரோஸ் ஹோல் மாளிகைக்கு அழைத்துச் சென்று, அதன் பழைய எசமானியின் ஆவியைப் பற்றிக் கதை சொல்லுகின்றனர். அக்கதையிற் பெரும்பகுதி கற்பனை. நேரம் குறைவாயின் மாளிகையை விடலாம், சதுக்கத்தை விடலாகாது.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். தேங்காய்ப்பாலில் அவரையினத்து விதையோடு சமைத்த சோறு, சுட்ட ஈரப்பலா, மரவள்ளி மாவில் தட்டிய ரொட்டி யாவும் நம் நாவுக்கு அந்நியமானவை அல்ல. ஈரப்பலாவை 1793 இல் கப்தன் பிளை தாகித்தித் தீவிலிருந்து கொணர்ந்தார். அடிமைகளுக்கு மலிவான உணவாகட்டும் என்பதே தோட்டத்துரைமாரின் எண்ணம். 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் கொண்டுபோன ஆட்டுக்கறி, இன்று அந்நாட்டுக் கொண்டாட்டங்களிலே தவறாது இடம்பெறுகின்றது. அக்கீ என்னும் பழத்தில் மாத்திரம் எச்சரிக்கை தேவை. மரத்திலே தானாக வெடித்துத் திறவாத காய் நஞ்சு. சமைத்தறிந்தவர் கையால் உண்பதே தகும்.

வாகனங்கள் நம் நாட்டிற் போலவே இடப்பக்கமாகச் செல்கின்றன. சிவப்பு இலக்கத்தகடு பூண்ட கூட்டு வாடகைக் கார்களில் ஊரவரோடு நெருக்கியமர்ந்து செல்வது மலிவு. ஏறுமுன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்க. கிழக்கே சுமார் 20 மைல் தூரத்திலுள்ள பல்மத் நகரருகே ஒளிரும் களப்பு ஒன்று உண்டு. அந்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் நீர் கலங்குந்தோறும் நீலவொளி வீசும். கையை அளைந்தால் விரல்களெல்லாம் சுடர்விடும். நிலவொளியில் அது மங்கிவிடுமாதலால், பயணத் திகதியை நிச்சயிக்குமுன் பஞ்சாங்கத்தைப் புரட்டி அமாவாசையை அண்டிய வாரமாகப் பார்த்துக்கொள்ளுதல் நலம். படகிலிருந்து நீரில் இறங்கவும் விடுவர்; மாற்றுடை ஒன்று கைவசம் இருக்கட்டும்.