வீடு லிட்டருக்கு எவ்ளோ தரும்?

இன்ஸ்டாவில் அந்த மாதிரி வீடியோ நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு வேன், பின்கதவு ரெண்டும் திறந்திருக்கும், வெளியே கடல், உள்ளே மெத்தை, ஒரு நாய், கையில் காபி. "வேலையை விட்டாச்சு, இனிமே ரோடுதான் வீடு" என்கிற மாதிரி கீழே ஒரு வரி. ஹாஸ்டல் வைஃபை சாகிற வரைக்கும் நானும் பார்த்தவன்தான். ஆனால் நம்ம ஊரில் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்விக்கு மட்டும் அதில் ஒருத்தரும் பதில் சொல்வதில்லை. வண்டி எவ்ளோ தருது?

மோட்டார் ஹோம் என்றால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. கேரவன் என்று சொன்னால் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் பஸ்தான் ஞாபகம் வரும், அதனால் அந்த வார்த்தையை இங்கே விட்டுடறேன். அப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி வெறும் ஆர்வம் மட்டும் கிடையாது. அது பின்னால் வரும். முதலில் கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வந்துடலாம்.

1973. ஜி.எம்.சி. ஒரு மோட்டார் ஹோமை விற்பனைக்குக் கொண்டு வருது. இன்னைக்கு போட்டோவில் பார்த்தாலும் அழகான வண்டி. மற்றவர்கள் எல்லாம் லாரி சேஸி மேல் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவங்க ஃபைபர் கிளாஸும் அலுமினியமும் வைத்து வழவழவென்று ஒரு பாடி செஞ்சாங்க. இன்ஜின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம். பின்னால் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டே கிடையாது. ஷாஃப்ட் இல்லை என்றால் தரையைக் கீழே இறக்கலாம். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கும் குறைவான உயரத்தில் அந்த வண்டியின் ஃப்ளோர் இருந்தது. ஃப்ளோர் கீழே இறங்கினால், ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்பதற்காகக் கூரையை மேலே ஏற்ற வேண்டாம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

இவ்வளவும் யோசித்தவங்க உள்ளே வைத்த இன்ஜின் என்ன தெரியுமா? ஏழரை லிட்டர் வி8. பெட்ரோல். காலனுக்குப் பத்து மைல் போனாலே பெரிய விஷயம். நம்ம கணக்கில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். அதே வருஷம் அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்துது. மூணு டாலர் பக்கம் இருந்த ஒரு பீப்பாய், சில மாசத்தில் கிட்டத்தட்ட பன்னிரண்டு டாலர். பெட்ரோல் பங்கில் கார்கள் வரிசையில் நிற்கும்போது லிட்டருக்கு நாலு தருகிற வீட்டை யார் வாங்குவாங்க? அந்த வண்டி 1978ல் நின்னுபோச்சு. எனக்கு அதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். பாடி சரி, இன்ஜின் தப்பு, நேரம் அதைவிடத் தப்பு.

1974 ஜனவரியில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுக்க ஹைவேயில் மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். ஏன் வேகத்தைப் பிடிச்சாங்க? மெக்கானிக்கல் ஆட்களுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் ஞாபகம் இருக்கும். மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்கள் ஒரு பத்தி மட்டும் பொறுத்துக்கோங்க. டிராக் என்று கிளாஸில் சொல்வதை இங்கே காற்றுத்தடை என்றே எழுதுகிறேன். பள்ளி முழுக்க இங்கிலீஷ் மீடியத்தில் ஓட்டினவனுக்கு இது ஒரு சின்ன சந்தோஷம்.

ஒரு பெரிய வேனை எடுத்துக்குவோம். எதிரே இருந்து பார்த்தால் அதன் பரப்பு 5 சதுர மீட்டர், காற்றுத்தடை எண் 0.45, எடை 3500 கிலோ. இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள், உங்க வண்டிக்கு நீங்க மாத்திப் போட்டுப் பாருங்க. டயர் உருளுவதற்கு ஆகும் தடை எந்த வேகத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 340 நியூட்டன் பக்கம். காற்று அப்படி இல்லை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60ல் 375 நியூட்டன். 80ல் 667. 100ல் 1040. ரெண்டையும் கூட்டினால், 100லிருந்து 80க்கு இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகிற வேலை கால் பங்குக்கு மேல் குறையுது. ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், 80ல் லிட்டருக்குப் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே, 100ல் ஒன்பதுக்கும் கீழே. இது ஏசி போடாத, சிக்னலில் நிற்காத, பேப்பரில் ஓடுகிற வேன்.

இப்போ இதே கணக்கில் ரெண்டு மாற்றம் செஞ்சு பார்த்தேன். கூரையை அரை மீட்டர் உயர்த்தினால் 80ல் பன்னிரண்டு சதவீதம் கூடுதல் செலவு. கூரையை விட்டுட்டு, உள்ளே 300 கிலோ சாமான் ஏத்தினால்? மூணு சதவீதம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. மலை ஏறும்போது எடை கேட்குமே என்றால், கேட்கும்தான். 300 கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏத்த கால் லிட்டர் டீசல். டவுனுக்குள் நின்னு நின்னு போனால் எடைக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் நீண்ட தூரம் போகிற வீட்டுக்கு டீசலைக் குடிப்பது கட்டிலும் அடுப்பும் கிடையாது. உயரமும் வேகமும்தான்.

அப்போ எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? அதுக்குத்தான் டொயோட்டா கதை. எண்ணெய் விலை ஏறினதும் அமெரிக்காவில் சிலர் டொயோட்டாவின் சின்ன பிக்கப் வண்டி மேல் வீடு கட்ட ஆரம்பிச்சாங்க. நாலு சிலிண்டர் இன்ஜின், ஜி.எம்.சி.யைவிட மைலேஜ் நல்லாவே கூட. மக்களும் வாங்கினாங்க. ஆனால் பிக்கப்பின் பின் ஆக்சில் அந்த வீட்டின் எடைக்குச் செய்தது இல்லை. பார்க்க ரெட்டை டயர் மாதிரி மாட்டினாங்க, உள்ளே இருந்தது அதே பழைய ஆக்சில். அந்த வகையில் வண்டியின் எடையைத் தாங்குவதும், சக்கரத்தைச் சுற்றுவதும் ஒரே ஷாஃப்ட். அது ஓடும்போதே உடைந்தால் சக்கரம் தனியாகப் போயிடும். அப்படி உடைந்துபோய், பிறகு வண்டிகளைத் திரும்ப அழைச்சு, எடையை ஹவுசிங்கே தாங்குகிற கனமான ஆக்சிலாக மாத்திக் கொடுத்தாங்க. எடை டீசலைவிட முதலில் ஆக்சிலையும் பிரேக்கையும்தான் தின்னும்.

சரியான இன்ஜினும் சரியான உடம்பும் ஒன்றாக வந்தது 1983ல். அயோவா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்கிற சின்ன ஊரில் இருக்கும் வின்னபேகோ, பிரான்ஸிலிருந்து ரெனோ டிராஃபிக் வேனின் அடிப்பாகத்தை வரவழைச்சு லெ ஷாரோ என்று ஒன்று செஞ்சாங்க. முன் சக்கர இழுவை, தாழ்ந்த ஃப்ளோர், ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஒரு டீசல் இன்ஜின். காலனுக்கு இருபது மைலுக்கு மேல் என்று விளம்பரம். ஜி.எம்.சி. தந்ததில் ரெண்டு மடங்கு! மேட்டில் மூச்சு வாங்கும் என்று ஓட்டினவங்க திட்டினாங்க, அது வேறு விஷயம்.

ஆனால் 1986ல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்துடுச்சு. அடுத்த வருஷம் ரெனோ அமெரிக்காவை விட்டே கிளம்பிடுச்சு, அதன் பிறகு ஸ்பேர் பார்ட்ஸுக்கு அலைச்சல். பெட்ரோல் மலிவானதும் பழையபடி பஸ் மாதிரி பெரிய வண்டிகள் வந்துடுச்சு. 2022 ஜூனில் அங்கே ஒரு காலன் சராசரியாக அஞ்சு டாலரைத் தாண்டினபோது எல்லாரும் மறுபடி மைலேஜ் பேசினாங்க. நாற்பது வருஷம் முன்னாடியே செஞ்சு, ஓட்டி, மறந்த வண்டி அது என்பதுதான் எனக்கு எரிச்சல். ஐரோப்பாவில் மறக்கவில்லை. அங்கே பெட்ரோல், டீசல் மேல் வரி எப்பவுமே அதிகம். சாதாரண கார் லைசென்ஸில் 3500 கிலோ வரைக்கும்தான் ஓட்டலாம். அதனால் முன் சக்கர இழுவை உள்ள ஃபியட் டுகாட்டோ வேனில்தான் அங்கே நிறைய மோட்டார் ஹோம் கட்டறாங்க. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா, ஃபோக்ஸ்வாகன் வேனில் இன்னும் எளிசான ஒன்று செஞ்சது. ஓடும்போது கூரை கீழே, நின்ன பிறகு மேலே தூக்கிக்கலாம். காற்றுக்கு ஒரு உயரம், ஆளுக்கு ஒரு உயரம்.

இனி எங்க வீட்டுக்கு வரலாம். சேலம் பக்கம். அப்பாவின் வேன் பதிமூணு சீட், மஞ்சள் போர்டு. லிட்டருக்குப் பத்து தரும், ஏசி ஓடினால் அதிலும் குறையும். ராமேஸ்வரம், தர்மஸ்தலா, கொல்லூர் மூகாம்பிகை என்று எத்தனை தடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார் என்பதற்கு அவரிடமே கணக்கு கிடையாது. அம்மா ஒரு தடவைகூட அதில் கொல்லூர் போனதில்லை. சீசனில் சீட்டு காலி இருக்காது, சீசன் இல்லாதபோது டீசல் போடக் காசு இருக்காது. இப்போ அப்பாவுக்கு இடுப்பு வலி, டாக்டர் நீண்ட டிரிப் வேண்டாம் என்கிறார். கடன் எல்லாம் முடிஞ்சாச்சு. வண்டியைக் கேட்டு ஒரு புரோக்கர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போயிட்டார்.

எனக்குப் பிளேஸ்மென்ட் கிடைச்சுடுச்சு. "வித்துடாதீங்கப்பா, நாம அதை வீடா மாத்திடலாம்" என்று நான்தான் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. "ஏண்டா, கொல்லூர் போக வர எவ்வளவு ஆகும்னு போட்டுப் பாத்தியா?" என்றார். போட்டேன். பக்கத்தில் சுத்துவதையும் சேர்த்து 1400 கிலோமீட்டர். 140 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 12,880 ரூபாய். நாலு பேரும் ரயிலில் போய், பஸ் பிடித்து, லாட்ஜில் தங்கினால் இதைவிடக் குறைவாகவே முடியும். இதை மறைச்சு உங்களுக்கு வேன் வாழ்க்கை வீடியோ காட்ட எனக்கு இஷ்டமில்லை.

அப்பா அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்துட்டு வேற ஒன்று சொன்னார். டூரிஸ்ட் வண்டி ஓடினால்தான் காசு, வீடு நின்னால்தான் காசு. அவர் பழக்கப்படி கொல்லூர் நாலு நாள் டிரிப், நாளைக்கு 3,220 ரூபாய் டீசல். அதே தூரத்தைப் பதினாலு நாளில், ஒரு ஊரில் மூணு நாள் நின்னு நின்னு போனால் நாளைக்கு 920. அதோடு லாட்ஜ் வாடகை கிடையாது, அம்மா சமையல். எந்த இன்ஜினும் தராத மைலேஜ் இது! வேகம் ஏற்கெனவே பிரச்சினை இல்லை, எண்பதுக்கு மேல் போகாதபடி வண்டியில் ஸ்பீடு கவர்னர் இருக்கு. இத்தனை வருஷம் பின்சீட்டுக்காரங்க அதைத் திட்டினதை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மாட்டிக்கொண்டிருப்பது மூணு இடத்தில். ஒன்று, அப்பாவின் வண்டி பின் சக்கர இழுவை, ஃப்ளோர் உயரம். ஜி.எம்.சி. மாதிரி தாழ்த்த முடியாது. கூரையை உயர்த்த நான் ஒத்துக்க மாட்டேன், பன்னிரண்டு சதவீதம். அதனால் உள்ளே குனிஞ்சுதான் நிற்கணும், சமையல் பின்கதவைத் திறந்து வெளியே. ரெண்டாவது, சீட்டைக் கழட்டி நம் இஷ்டத்துக்குக் கட்டில் போட முடியாது. ஆர்.சி.யில் இருப்பதிலிருந்து வண்டியை மாத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு வரும், இன்ஷூரன்ஸும் கேள்வி கேட்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறையாக அனுமதி வாங்கிட்டுத்தான் கை வைக்கணும்.

மூணாவது கூரை மேல் இருக்கும் கேரியர். அதில் மூட்டை கட்டி தார்ப்பாய் போட்டால் அதுவே ஒரு அரை மீட்டர் சுவர், என் கணக்கில் பத்து சதவீதம் அதுக்கே போகுது. கழட்டலாம் என்றேன். அப்பாவுக்கு மனசு வரவில்லை, அது அவரே பட்டறையில் நின்னு வெல்டிங் பண்ண வைத்தது. சாமானைக் குறைச்சால் பத்தாதா என்று அம்மா பக்கம் திரும்பினார். அம்மா ஏற்கெனவே ஒரு லிஸ்ட் எழுதி வெச்சிருக்காங்க. இட்லி பானை, குக்கர், அஞ்சு கிலோ சிலிண்டர், ரெண்டு குடம், அரிசி, பாய், எல்லாம் சேர்த்தாலும் நூறு கிலோவைத் தொடவில்லை. என் கணக்கில் அது ஒரு சதவீதம். இட்லி பானை வரலாம் என்று பேப்பரில் காட்டினேன். "அதுக்கெல்லாம் இன்ஜினீயரிங் படிக்கணுமா?" என்று அம்மா கேட்டாங்க.

அடுத்த மாசம் எஃப்.சி.க்குப் போகணும். அதுக்கு முன்னாடி பைபாஸில் இருக்கும் எடை மேடையில் வண்டியைக் காலியாக ஒரு தடவை, அம்மாவின் லிஸ்ட்டோடு ஒரு தடவை ஏத்திப் பார்க்கலாம் என்று அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார். பின் ஆக்சில் மேல் எவ்வளவு விழுது என்று தனியாக எடுக்கணும், டொயோட்டா கதை அவருக்கும் சொல்லியிருக்கேன். புரோக்கரைப் பொங்கலுக்கு அப்புறம் வரச் சொல்லியிருக்கார். கேரியர் இன்னும் மேலேயேதான் இருக்கு.