காணாமற்போன தமிழ்ப் புத்தகங்கள்

2022ஆம் ஆண்டு மார்கழியில் தில்லியில் நமக்கு நேர்ந்த சங்கடமொன்றை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நம் சங்க நூலகத்தைப் பல்லாண்டுகளாகப் பேணி வந்த பெரியவர் ஒருவர், கண்பார்வை மங்கிவிட்டபடியால், பொங்கல் கழிந்ததும் திருநெல்வேலிக்கே திரும்பிவிடுவதென்று முடிவு செய்தார். அவர் கைப்பட எழுதிய நான்கு தடித்த பதிவேடுகளே நூலகத்தின் முழு விவரம். அவற்றைக் கணினியில் ஏற்றி, எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறதென்று பெரிய எழுத்தில் காட்டும்படி செய்து தருவதாக வாக்களித்தோம். நிரல் எழுதுவதே நம் பிழைப்பாகையால் வாக்குக் கொடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. பதிவேடுகளை நம் இல்லாளும் மகளும் இரவுதோறும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்தார்கள்.

நிரலைச் சி மொழியில் எழுதினோம். வீட்டு மடிக்கணினியில் இருப்பது இன்டெல் செயலி. நூலகத்து மேசைக்கு வாங்கியதோ ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணினி. அதன் செயலி ஆர்ம் வகை. ஒன்றின் கட்டளைகள் மற்றொன்றுக்கு விளங்கா. ஆகையால், மடிக்கணினியில் இருந்தபடியே ஆர்ம் செயலிக்குரிய கட்டளைகளாக நிரலை ஆக்கித் தரும் தொகுப்பி ஒன்றை நிறுவினோம். அது யாதொரு குறையும் சொல்லவில்லை. சின்னக் கணினியில் ஓட்டியதும், 'ஜிலிப்சி 2.34 காணப்படவில்லை' என்று ஒரே வரியில் மறுப்பு வந்தது.

இவ்விடத்தில் சிறிது விளக்க வேண்டும். கோப்பைத் திறப்பது, எழுத்தைத் திரையில் இடுவது போன்ற அன்றாட வேலைகளை ஒவ்வொரு நிரலும் தானே செய்வதில்லை. அவற்றைச் செய்து தரும் பொதுத் தொகுதி ஒன்று கணினியிலேயே இருக்கும். அதற்கும் நூலகம் என்றே பெயர். (பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார்.) நம் மடிக்கணினியில் உபுண்டு 22.04, அதிலுள்ள க்னூ சி நூலகம் 2.35ஆம் பதிப்பு. சின்னக் கணினியில் டெபியன் 11ஐ ஒட்டிய அமைப்பு, அங்கே 2.31. இடையில் 2021 ஆகஸ்டில் வெளியான 2.34இல், நிரலைத் தொடங்கி வைக்கும் செயற்கூறுக்கே புதிய பதிப்புக் குறி இடப்பட்டது. ஆதலால் 'வணக்கம்' என்று மட்டும் சொல்லும் நிரலாயினும், புதிய நூலகத்தோடு தொகுத்தால் பழையதில் ஓடாது. பழையதோடு தொகுத்தது புதியதில் ஓடும், மறுதலையாக நடவாது. நாமோ செயலி வேறுபாட்டை எண்ணினோமேயன்றி நூலக வேறுபாட்டை எண்ணவில்லை. ஊர் வழக்கப்படி தில்லிக் குளிரில் மாவரைத்து வைத்துவிட்டு, காலையில் பொங்கவில்லையே என்று உளுந்தை நொந்துகொண்ட கதைதான்.

சின்னக் கணினியிலுள்ள நூலகக் கோப்புகளை மடிக்கணினியில் தனியோர் அடைவில் பிரதி செய்து, 'சிஸ்ரூட்' என்னும் விருப்பத்தினால், அவ்வடைவையே நூலகமாகக் கொள்ளும்படி தொகுப்பிக்குச் சொன்னோம். ரீட்எல்ஃப் என்னும் கருவியைக் கொண்டு பார்த்தபோது, நிரல் 2.17க்கு மேல் எதையும் கேட்கவில்லை. ஓடவும் செய்தது. நாம் நிம்மதியாக உறங்கினோம்.

நிற்க. போகிக்கு முதல்நாள் மாலை பெரியவர் வந்தமர்ந்தார். பட்டியல் விரிந்தது. ஆங்கிலப் புத்தகங்கள் ஒழுங்காக நின்றன. தமிழ்ப் புத்தகங்களுக்கு நேரே அலமாரி எண் மட்டும் இருந்தது, பெயரில்லை.

"தமிழெல்லாம் எங்கே போச்சு தம்பி?" என்றார்.

"நாளைக்குள் வந்துவிடும் ஐயா" என்றோம். எப்படி வரும் என்பது நமக்கே தெரியாது. வீட்டிலோ, "நாங்கள் தட்டியதெல்லாம் வீண்தானா?" என்று இல்லாள் கேட்டாள். மகள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

மடிக்கணினியில் அதே பதிவேடு, அதே நிரல். தமிழ் குறைவின்றித் தெரிந்தது. நள்ளிரவுக்குப் பின்னரே காரணம் புலப்பட்டது. யூ.டி.எஃப்-8 முறையில் 'க' போன்ற எழுத்து மூன்று பைட்டுகளாக நிற்கும். மூன்றும் 127க்கு மேற்பட்ட எண்கள். சி மொழியில் எழுத்தைத் தாங்கும் 'சார்' என்னும் வகை, கழித்தற்குறி உடையதா அற்றதா என்பதை மொழித் தரம் விதிக்கவில்லை. இன்டெல் லினக்ஸில் அது −128 முதல் 127 வரை. ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. தட்டச்சில் புகுந்த குப்பைகளை நீக்குவதற்காக நாம், 'சுழியத்துக்குக் குறைந்தால் தமிழ், வைத்துக்கொள்; இல்லையேல், அச்சிடத்தக்கதா என்று நூலகத்தின் இஸ்பிரிண்ட்டைக் கேள்; அது இல்லையென்றால் தள்ளு' என்று எழுதியிருந்தோம். ஆர்மில் எதுவும் சுழியத்துக்குக் குறையாது. தமிழ் முழுவதும் இஸ்பிரிண்ட்டின் வாசலுக்குச் சென்றது. வேறு மொழிச் சூழலை அமைத்துக் கொடாதவரையில் அது ஆங்கில எழுத்துகளையே அறியும், தள்ளிவிட்டது. எச்சரிக்கைகளை முழுமையாகக் காட்டும்படி கேட்டிருந்தால், இவ்வொப்பீடு ஒருபோதும் மெய்யாகாது என்று தொகுப்பியே சொல்லியிருக்கும். அவசரத்தில் கேட்கவில்லை.

ஆர்மிலும் இன்டெல் வழக்கத்தையே கொள்ளச் செய்யும் விருப்பம் ஒன்று உண்டு. ஒரே சொல்லில் வேலை முடிந்திருக்கும். ஆனால் பின்னால் வருகிறவர் அச்சொல்லை இட மறந்தால் தமிழ் மறுபடி மறையும். ஆகவே நிரலையே திருத்தினோம். வகையைக் குறியற்ற சார் என்று வெளிப்படையாக எழுதி, '127க்கு மேற்பட்டால் வைத்துக்கொள்' என்று மாற்றினோம்.

போகியன்று மாலை பெரியவர் மறுபடியும் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை வெகுநேரம் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். மகள் பக்கத்தில் நின்றாள். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது மூணாவது அலமாரி இல்லேம்மா. நாலு."

மகள் அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள்.