இரண்டாவது கொப்பி

எங்கட முதல் லப்டொப்பை வாங்கினது சீட்டுக் காசில. ஐந்து பேர், ஒன்றரை வருசம், மாதாமாதம் போட்ட காசு. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரைக்கும் ஏறினபோது, நாங்கள் பார்த்து வைத்திருந்த மெஷினின் விலையும் கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டே போனது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டெஸ்க்டொப் எண்ட கதைக்கே இடமில்லை. பற்றரியில ஓடவேணும், மோட்டச்சைக்கிளில பையோட கொண்டு போகவேணும், பாரம் குறைவாய் இருக்கவேணும். கடைசியில் ஒன்றேகால் கிலோவில், மெல்லிசாய், வடிவாய் ஒண்டு கிடைத்தது. 256 ஜிபி. "இடம் போதாட்டி ஒரு எக்ஸ்டேர்னல் வாங்குவம்" எண்டு சொல்லிக்கொண்டு வாங்கினம்.

நாங்கள் விட்ட பிழை அந்த ஒரு வசனத்துக்குள்ளதான் இருக்கு.

அடுத்த வருசம் மயிலிட்டி ஆச்சி ஒருவரைப் பதிவு செய்தம். 1990 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டவ. 2017 இல் துறைமுகப் பக்கம் விடுவிக்கப்பட்டபோது போய்த் தன்ர வளவைத் தேடினவ. வீடு இல்லை, வேலி இல்லை, கிணத்தை வைத்துத்தான் குசினி இருந்த இடத்தைக் கண்டுபிடித்தா. மூன்று பின்னேரம், மொத்தம் ஐந்து மணித்தியாலப் பதிவு. எங்கட கமரா 1080பியில் செக்கனுக்கு 50 மெகாபிட் எழுதும். அப்படியெண்டால் மணித்தியாலத்துக்கு 22 ஜிபிக்கு மேல, ஐந்து மணித்தியாலம் 110 ஜிபியைத் தாண்டும். விண்டோசும் எடிட்டிங் மென்பொருளும் பழைய வேலைகளும் போக லப்டொப்பில் அவ்வளவு இடம் இல்லை. மெமரி கார்ட் அடுத்த படப்பிடிப்புக்கு வேணும். எல்லாத்தையும் 'கட்' பண்ணி ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்கில 'பேஸ்ட்' பண்ணினம். அதுக்கு நாங்கள் வைத்த பேர் பக்கப். உண்மையில் அது ஒரே ஒரு கொப்பி.

ஒருநாள் இரவு எடிட் செய்துகொண்டிருக்கேக்க கேபிளில் ஒருத்தற்ற கால் தட்டுப்பட்டு, டிஸ்க் மேசையால சீமெந்து நிலத்தில விழுந்தது. பெரிய சத்தம்கூடக் கேக்கேல்லை. திரும்பச் செருகினபோது உள்ளுக்க 'டிக், டிக்' எண்டு மட்டும் கேட்டது. ஹார்ட் டிஸ்குக்குள் தட்டு வேகமாய்ச் சுழலும், அதற்கு மேலே மயிர் கனத்தை விடக் குறைந்த இடைவெளியில் வாசிக்கிற முனை மிதக்கும். சுழலேக்க விழுந்தால் என்ன நடக்கும் எண்டு விளங்கும்தானே. கொழும்புக்கு அனுப்பினம். லப்டொப்பின் அரைவாசி விலை கேட்டார்கள், உறுதியும் தரேல்லை. கடைசியில் டிஸ்க் போனபடியே திரும்பி வந்தது.

ஆச்சியிட்டத் திரும்பப் போய்க் கேட்க வழியில்லை. அவ இரண்டு மாதத்துக்கு முன்னம் செத்துப்போனா.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதுப் பாடமாய் இருந்திருக்கக்கூடாது. 1981 இல் நூலகம் எரிந்தபோது போன 97,000க்கும் மேற்பட்ட நூல்களில், வேறெங்காவது இன்னொரு பிரதி இருந்தவற்றைப் பிறகு தேடி எடுக்கலாம். ஒரேயொரு பிரதியாய் இருந்த ஏடுகளைத் தேட இடமே இல்லை. அது எரிக்கப்பட்டது, எங்கட டிஸ்கில கால் தட்டுப்பட்டது. இரண்டையும் ஒண்டாய் வைத்துக் கதைக்க ஏலாது. ஆனால் அந்தக் கதையைச் சின்னனில் இருந்து கேட்டு வளர்ந்த நாங்கள், ஒரு மனுசியின்ர ஐந்து மணித்தியாலத்தை ஒரே டிஸ்கில வைத்திருந்தம்.

இரண்டாம் முறை வாங்கேக்க கணக்கை மற்றப் பக்கத்தால தொடங்கினம். முதல் கேள்வி, வருசத்துக்கு எத்தனை மணித்தியாலம் பதிவு செய்வம்? கிட்டத்தட்ட 40. இப்ப இரவல் வாங்கிற கமரா 4கேயில் 100 மெகாபிட் எழுதும், அதாவது மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. வருசத்துக்கு 1,800 ஜிபி. ஆகவே முதல் செலவு இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க். ஒண்டு யாழ்ப்பாணத்தில், மற்றது வவுனியாவில் எங்களில் ஒருத்தியின் வீட்டில். இரண்டும் ஒரே அலுமாரியில் இருந்தால் கள்ளனுக்கும் வெள்ளத்துக்கும் அது ஒரு கொப்பிதான்.

இரண்டாவது செலவு, எடிட் பண்ண 1 டிபி எக்ஸ்டேர்னல் எஸ்எஸ்டி. உள்ளுக்குச் சுழல்கிற பாகம் இல்லாதபடியால் விழுந்தாலும் தாங்கும், வேகமும் ஹார்ட் டிஸ்கை விடப் பலமடங்கு. ஆனால் அதே இடத்துக்கு விலை கூட. அதனால் வேலைக்கு எஸ்எஸ்டி, சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க். நம்ப முடியாத மலிவில் '16 டிபி' எண்டு விற்கிறதைக் கண்டால் விலகிப் போங்கோ. வாங்கின எதையும் ஒருக்கா முழுசாய் நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பவேணும். மக்கிலும் விண்டோசிலும் மாறி மாறி வேலை செய்யிற குழு எண்டால் எக்ஸ்ஃபாட்டில் ஃபோர்மட் பண்ணுங்கோ. என்டிஎஃப்எஸ் டிஸ்கை மக் வாசிக்கும், சாதாரணமாய் அதில் எழுதாது.

மிஞ்சின காசுக்குத்தான் லப்டொப். புதுசுக்குக் காணாது, பாவித்தது வாங்கினம். 14 அங்குலம், 1.4 கிலோ. மூன்று விசயம் பார்த்தம். ஒண்டு, ராம் 16 ஜிபிக்குக் குறையக்கூடாது. மெல்லிய மெஷின்கள் கனக்கவற்றில் ராம் போர்டோடயே ஒட்டி வரும், பிறகு கூட்ட ஏலாது. இரண்டு, உள்ளிருக்கிற எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்றலாமா? மூன்று, யுஎஸ்பி-சியால சார்ஜ் ஏறுமா? கரண்ட் இல்லாத இடத்தில் தகுந்த பவர் பேங்க் ஒண்டு கைகொடுக்கும். மக்புக் எயாரையும் யோசித்தம். எம்1 காலத்தில் இருந்து அதில் விசிறியே இல்லை, சத்தம் போடாது, பாரமும் குறைவு. ஆனால் எங்கட சித்திரை வெயிலில் நீண்ட வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணினால் சூடேறி வேகத்தைக் குறைக்கும். உள்ளிருக்கிற இடத்தையும் பிறகு கூட்ட ஏலாது. சின்ன வீடியோ செய்யிறவைக்கு அது நல்ல மெஷின்தான்.

பாரமில்லாத லப்டொப்பில் 4கே திக்கித் திக்கி ஓடும் எண்டு பயப்பட வேண்டாம். டாவின்சி ரிசோல்விலும் பிரீமியரிலும் 'புரொக்சி' எண்டொரு வழி இருக்கு. மூலக் கோப்புகளுக்குச் சின்னப் பிரதிகள் செய்து, அவற்றில் வெட்டி ஒட்டி, கடைசியில் மட்டும் மூலத்துக்குப் போகலாம். எங்கட பழைய லப்டொப் 4கேயை இப்படித்தான் சமாளிக்குது.

இப்ப ஒரு பழக்கம் வந்திட்டுது. பதிவு முடிந்து வந்தால் சாப்பிட முதல் இரண்டு இடத்தில கொப்பி. இரண்டையும் திறந்து ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்கிறது. அண்டைக்குப் பதிவு செய்தவர் யாராய் இருந்தாலும், பசி எவ்வளவாய் இருந்தாலும்.

ஆச்சியின்ர பதிவில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சினது. கனடாவில் இருக்கிற மகனுக்கு எண்டு நாலு நிமிசத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தம். செத்தவீட்டுக்குப் பிறகு அவரிட்டையே கேட்டு வாங்கினம். படம் மங்கல், குரல் தெளிவு. கிணத்துக்குப் பக்கத்தில் நிண்ட மரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குறா, அதோட துண்டு முடியுது. என்ன மரம் எண்டு எங்களில் ஒருத்தருக்கும் நினைவில்லை.

அந்த நாலு நிமிசமும் இப்ப மூன்று இடத்தில இருக்கு.