அவர்கள் தோற்றால் எனக்குக் கமிஷன்

அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் பலருக்கு என்னைத் தெரியும். கடற்கரை, மீன் சமையல், கோயில் திருவிழா என்று தமிழில் ரீல்ஸ் போட்டு வந்தேன். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்த பிறகுதான் அந்தமானில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது. அந்த வசதியை வைத்து ஊர்ப் பிள்ளைகளைச் சூதாட்டத்தில் இழுத்துவிட்டேன்.

ஐபிஎல் சமயத்தில் ஒரு பெட்டிங் ஆப்புக்கு வீடியோ போட்டேன். 500 ரூபாய் கட்டி, ஒரே ஆட்டத்தில் 4,000 வந்ததாகத் திரையைக் காட்டினேன். அது நான் கட்டிய பணமே இல்லை. விளம்பரத்துக்கென்று அவர்களே பணம் போட்டுக் கொடுத்த டெமோ கணக்கு. என் லிங்க் வழியாகச் சேர்ந்தவர்கள் தோற்கும் பணத்தில் எனக்குப் பங்கு. அவர்கள் ஜெயித்தால் ஒன்றும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டேதான் சம்மதித்தேன். "விளம்பரம்தானே செய்தேன், ஆடியது அவர்கள் இஷ்டம்" என்று சொல்ல எனக்கு வாயில்லை.

பக்கத்துத் தெருவில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவன், "அண்ணே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கட்டினேன்" என்றான். வண்டித் தவணைக்கு எடுத்து வைத்திருந்த பணம். "விட்டதை அடுத்த மேட்ச்சில் பிடிச்சிடலாம்" என்று அவனை மறுபடி கட்டவைத்ததும் நான்தான். அவன் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அந்த மாதமும் என் கணக்கில் கமிஷன் ஏறியது.

சட்டம் தெரியாது என்று சொன்னால் பொய். சூதாட்டத்தை விளம்பரப்படுத்துகிறவர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்று 2024 மார்ச்சிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. படித்தேன், நிறுத்தவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டப்படி, பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தாலே இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்போதும் பழைய வீடியோக்களை விட்டுவைத்தேன். அந்த நவம்பரில் பெட்டிங் ஆப் வழக்கில் முன்னாள் கிரிக்கெட் வீரர்கள் சுரேஷ் ரெய்னா, ஷிகர் தவான் சொத்துகளை அமலாக்கத் துறை முடக்கியதும்தான் அழித்தேன். பயத்தில் அழித்தேன், மனம் திருந்தி அழித்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

தம்பியின் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வருகிறேன். மற்றவர்கள் யார் யார் என்று தெரியவில்லை. என் லிங்க்கில் பணம் கட்டி இழந்தவர்கள் நேரில் வாருங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். அதில் என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.